சுனாமிப் பை

“மாற்றுக் காணிய எங்கட வாப்பாட பேருக்கு எழுத வேணாம். உம்மாட பேருக்கு எழுதுங்க.”

இதை மட்டும் கேட்கக்கூடாது என்று அன்று காலைதான் கச்சிமுகம்மது மாமா எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். றோட்டுக் கேள், குழாய்த் தண்ணீர் கேள், கரண்ட் கம்பம் கேள், படித்த பிள்ளை நாலு பேருக்கு நன்மையானதைக் கேள். பெயர் விசயத்தில் வாய் வைக்காதே. ஒரு ஆள் குழப்பினாலும் முப்பத்தேழு வீட்டுப் பட்டியலும் கொழும்புக்குத் திரும்பிப் போய்விடும் என்றார். மாமா உம்மாவின் மூத்த காக்கா, அண்ணன். பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகப் பேசுகிற மரைக்கார், மீனவர் சங்கத்துக்குத் தலைவர். அவர் ஒன்றைச் சொன்னால் எங்கள் தெருவில் அது முடிந்த கதை.

நான் கேட்டேன். காணி உத்தியோகத்தர் தக்சாயினி படிவங்களிலிருந்து தலையை நிமிர்த்தினார். முன்வரிசை ஆண்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தன் சாரனின் கரையைப் பார்த்தார்.

“புள்ள விளங்காமக் கதைக்கிது மெடம்,” என்றார் மாமா.

“எனக்கு இருவத்தஞ்சு வயசு மாமா. விளங்கித்தான் கதைக்கன்.”

சங்க மண்டபத்துக்குள் பெண்கள் வருவதில்லை. வரக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. அவர்களுக்குக் கதிரை போடுவதில்லை, அவ்வளவுதான். யன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். நான் உள்ளே இருந்தது, ஆண்கள் எழுதிக்கொண்டு வந்த படிவங்களின் மிச்சத்தை நிரப்பிக் கொடுக்க. பட்டதாரி மருமகள் இருக்கிறாள் என்று மாமாவே பெருமையாகக் கூட்டிப்போனார். படிவத்தை நிரப்புகிறவள் அதை வாசிப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை.

கல்முனைக்குத் தெற்கே, பெரிய றோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் தெரு. நான் குர்ஆன் ஓதப் போன வயதில், வீட்டிலிருந்து கடலடிக்கு வெறுங்காலில் போனால் பாதி வழியில் ஒரு மர நிழலில் நின்று கால் ஆற வேண்டும். மணல் அவ்வளவு தூரம். இப்போது குசினி யன்னலைத் திறந்தால் உப்புத் தூறல் சட்டிக்குள் விழுகிறது. வாடையில் தின்னும், கச்சானில் கக்கும் என்பார்கள் எங்கள் கடலை. மாரிக் காற்றில் அரித்த மணலை அடுத்த வெயில் காலத்தில் கொண்டுவந்து போட்டுவிடும். ஏழெட்டு வருசமாகத் தின்கிறது, கக்குவதில்லை. கடல் ஏன் உயர்கிறது, பருவங்கள் ஏன் குழம்புகின்றன என்பதை நான் ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் நாலு வருசம் இருந்து படித்தேன். எங்கள் குடும்பத்தில் வளாகம் பார்த்த முதல் ஆள் நான். வாப்பா அதைப் படிக்கவில்லை, நின்று பார்த்தார். அவர் கரைவலை இழுத்தவர். கரை இல்லாமல் எதை இழுப்பது? இப்போது மரம் விற்கிற மரக்காலை ஒன்றில் காவலுக்குப் போகிறார்.

முன்வரிசையில் ஆறு வீடுகள் கடலுக்குள் போய்விட்டன. மிச்ச முப்பத்தேழுக்கும், பெரிய றோட்டுக்கு மேற்கே வயலோரம் மண் நிரப்பி ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணியும் சின்ன வீடும் என்று அரசாங்கம் சொன்னது. நல்ல காரியம். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் என் கண்ணில் குத்தியது: குடும்பத் தலைவர்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காகவே வாப்பாவும் காக்காமாரும் உழைத்துத் தேய்கிறார்கள். கலியாணத்தன்று மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குக் குடிவருகிறார். வீட்டுப் பத்திரமான உறுதி அவள் பெயரில். வம்சப் பெயரான குடிகூட உம்மாவழியில்தான் வருகிறது. சீதனம் என்று சொல்லிக் கோபப்படலாம், எனக்கும் கோபம் உண்டு. என் காக்கா என் வீட்டுச் சுவருக்காகக் கட்டாரில் காய்ந்துகொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று. ‘வெளியே போ’ என்று எங்கள் பெண்களிடம் எந்தப் புருசனும் சொல்ல முடியாது. போக வேண்டி வந்தால் போக வேண்டியவர் அவர்.

சுனாமிக்குப் பிறகு அது உடைந்தது. அலை கொண்டுபோனது ஸுஹைறா சாச்சியின் வீடு, உம்மாவின் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. பதிலுக்குக் கட்டிக் கொடுத்ததோ குடும்பத் தலைவருக்கு. ஐந்தாம் வருசம் தலைவர் தலாக் சொன்னார். வீட்டை வைத்துக்கொண்டு வேறு கலியாணம் முடித்தார். சாச்சி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் கிழக்குப் பக்க அறைக்கு வந்தார். இன்னும் அங்கேதான். கடல் வந்தால் அந்த அறைக்குத்தான் முதலில் வரும்.

தக்சாயினி தம்பிலுவில்காரி. அதிகம் பேசாதவர். நான் கேட்டதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னொரு கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். வீடு நிற்கிற பழைய வளவை அரசுக்கு ஒப்படைக்கும் பத்திரம். அதில் வளவின் உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் புதுக் காணி. அடுத்த வியாழன் வருவாராம். அன்று கையெழுத்துகள் முடியாவிட்டால் இந்த வருசப் பட்டியலில் எங்கள் தெரு இல்லை.

“உரிமையாளர் எண்டு எல்லாரும் யார்ர பேரை எழுதியிருக்காங்க எண்டு பாருங்க மிஸ்,” என்றேன்.

அவர் புரட்டினார். முப்பத்தேழு படிவம். முப்பத்தேழிலும் ஆண் பெயர். பக்கத்தில் உறுதி இலக்கம் என்ற கட்டம் முப்பத்தேழிலும் வெறுமை.

ஏன் இலக்கம் இல்லை என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார்கள். பார்த்து எழுதவில்லையா என்றார். வேண்டுமென்று களவு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உரிமையாளர் என்றால் தாங்கள்தான் என்று உண்மையாகவே நினைத்துவிட்டார்கள். படுத்து எழும்புகிற வீடு யாருடையது என்று ஒருவரும் உறுதியைத் திறந்து பார்த்ததில்லை.

“அடுத்த வியாழன் உறுதியோட வாங்க,” என்றார் தக்சாயினி. பிறகு என்னைப் பார்த்து, “என்ன கேக்கிறதெண்டாலும் எழுத்தில கேளுங்க. வாயால கேட்டா நான் மேல கொண்டுபோக ஏலாது.”

வீட்டுக்கு வந்ததும் மாமா கத்தவில்லை. உம்மாவிடம் மட்டும், உன்ட மகள வளாகத்துக்கு அனுப்பினது நான்தான், அந்தப் பாவத்த நானே சுமக்கன் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போவது அடிப்பதைவிடப் பெரிய காரியம். கடல் எடுத்தது அல்லாஹ்வின் நாட்டம், பொறுக்க வேணும் என்றும் சொன்னார். கடல் எடுத்தது அவன் நாட்டம் என்றால் அந்தக் கட்டத்தை அச்சடித்தது யாருடைய நாட்டம் என்று நான் அவர் முதுகுக்குக் கேட்டேன். உம்மா என் வாயைப் பொத்தினார்.

வாப்பா மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் பேசினார். ஜவுபர் என்றால் தெருவில் எல்லாருக்கும் அமைதியான மனிசன். பின்படியில் இருந்து கால் கழுவிக்கொண்டே பேசினார்.

“சின்னதில என்ட உம்மாட வீட்டில இருந்தன். அது தங்கச்சிக்குப் போயிட்டு. இருவத்தேழு வருசமா உன்ட உம்மாட வீட்டில இரிக்கன். நாளைக்கு இது உனக்கு. என்ட எண்டு ஒரு கதவு இரிக்கட்டுமே எண்டு நினைச்சன் மகள். வேற ஒண்டுமில்ல.”

அவர் கால் கழுவி முடிந்தும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கிழக்கு அறையில் சாச்சி பாயை உதறுகிற சத்தம் கேட்டது.

“உங்கள ஒருத்தரும் வெளிய போகச் செல்லமாட்டாங்க வாப்பா. சாச்சிக்குச் சென்னாங்க.”

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காவலுக்குப் போனார்.

மறுநாள் நான் வீடு வீடாகப் போனேன். உறுதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். சுனாமிப் பை. உள்ளே பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, வீட்டு உறுதி. இருபது வருசம் கடந்தும் ஒருவரும் அதைக் கழற்றவில்லை. எச்சரிக்கை என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு றோட்டுக்கு ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் பெண்கள்தான், ஆண்கள் அந்நேரம் கடலில் அல்லது சந்தையில். உம்மா ஒருமுறை பையை எடுத்துக்கொண்டு என்னை மறந்துவிட்டு ஓடியிருக்கிறார். பிள்ளைக்குக் கால் இருக்கிறது, உறுதிக்கு இல்லை என்று பிறகு நியாயம் சொன்னார்.

பைகளைத் திறந்தோம். மூன்றில் மட்டும் உறுதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். நன்கொடை உறுதி, நன்கொடை உறுதி, நன்கொடை உறுதி. உம்மா மகளுக்கு, அவள் தன் மகளுக்கு. எங்கள் வீட்டு உறுதியில் கிழக்கு எல்லை இப்படி இருந்தது: ‘ஒழுங்கை, அதற்கப்பால் ஆதம்பாவா மகளின் வளவு, அதற்கப்பால் பத்துத் தென்னைகள் நிற்கும் தோட்டம், அதற்கப்பால் மீன் வாடிகள், அதற்கப்பால் கடல்.’ நான் உரக்க வாசிக்க வாசிக்க உம்மா வாசலில் நின்று கிழக்கே பார்த்தார். ஒழுங்கை இல்லை. வளவு இல்லை. தோட்டம் இல்லை. வாடிகள் இல்லை. கடல் இருந்தது. எனக்கு வளாகத்தில் காட்டிய செய்மதிப் படம் ஒன்றும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

தெருவின் வடக்குக் கோடியில் சுந்தரம்மா வீடு; தமிழ் ஆக்கள், அவர்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான். புருசன் இல்லாத மனிசி, ஓயாத வாய். படிவத்தில் அவருடைய மருமகனின் பெயர் இருந்தது. சொன்னதும் வெற்றிலையைத் துப்பினார்.

“அவனா? அவன்ட பெட்டிய நான்தான் உள்ள எடுத்து வச்சன். ரெண்டு களிசானும் ஒரு ரேடியோவும். ரேடியோவும் பாடயில்ல. அவன் எனக்குத் தலைவரா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் எதில ஒத்துக்கிட்டாங்களோ இல்லையோ, இதில ஒத்துக்கிட்டாங்க பாரு,” என்றார்.

எல்லாரும் சுந்தரம்மா இல்லை. மாமா ஒவ்வொரு நாளும் அசர் தொழுகைக்குப் பிறகு வீடுகளுக்குப் போனார். கையெழுத்து வையுங்கள், காணி கைக்கு வரட்டும், பெயரைப் பிறகு மாற்றலாம் என்றார். சிலர் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: உனக்குப் படிப்பு இருக்கு, எங்கயும் போய்ப் பிழைப்பாய், பட்டியல் போனா நாங்க என்ன செய்ற? கோபம் வரவில்லை எனக்கு. பயம் வந்தது. திங்கட்கிழமை மாரிக் காற்று பருவத்துக்கு முன்பே வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கிணற்றுக்கட்டு இரண்டாகப் பிளந்து பாதி கடலுக்குள் சரிந்தது. தெருவே வந்து பார்த்தது. என்னால் இத்தனை பேரும் இந்த மாரியைக் கடலுக்கு முன்னால் கழிக்க வேண்டிவந்தால்? இதை விட்டுவிடலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். நான் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பதில் சொன்னது சாச்சி. பதினைந்து வருசமாக அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசாதவர், உடைந்த கிணற்றடியில், இத்தனை பெண்களுக்கு முன்னால் பேசினார்.

“கடல் என்ட ஒரு வீட்டத்தான் எடுத்த. அந்தக் கட்டம் மத்த வீட்டையும் எடுத்த. கடலுக்குப் பயந்து நீங்க கட்டத்துக்குள்ள போய் விழாதீங்க.”

அன்று பின்னேரம் கதவைச் சாத்தியவர்களில் ஒருத்தி தன் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரவு சாப்பாட்டுக்கு முன் பதினாறு கோரிக்கைக் கடிதம் எழுதினேன். புதன்கிழமைக்குள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரே வசனம்: ‘எனக்குச் சொந்தமான வளவை ஒப்படைக்கிறேன். மாற்றுக் காணியை என் பெயரில் தரவும்.’ தக்சாயினி சொன்னபடி அவற்றைச் செவ்வாயும் புதனும் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கினேன்.

வியாழக்கிழமை சங்க மண்டபத்தில் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் யன்னலடிக்கு வரவில்லை. மாமாவுக்கு அது நல்ல சகுனமாகத் தெரிந்திருக்க வேண்டும்; தக்சாயினிக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அப்போது ஒழுங்கையால் வந்தார்கள். தோளில் பைகள். உரப்பையால் தைத்தது, பழைய பள்ளிக்கூடப் பை, கடைப்பை, கட்டாரிலிருந்து வந்த விமானப் பை. எச்சரிக்கை இல்லாமலே எல்லாரும் ஓடி வந்தது மாதிரி. ஆனால் ஒருவரும் ஓடவில்லை. யன்னலைத் தாண்டி வந்து வாசலால் உள்ளே நுழைந்தார்கள். கதிரை இல்லை என்று யாரோ சொன்னார். நாங்க நிண்டே பழகின ஆக்கள் என்றார் சுந்தரம்மா.

கடைசியாக வந்தவர் மாமி. மாமாவின் மனைவி. அவர் வருவார் என்று நானே நினைக்கவில்லை; அவருடைய கடிதத்தை நான் எழுதவும் இல்லை. மாமா எழும்பினார். மாமி அவருக்குப் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“சோறு மூடி வச்சிரிக்கன். நான் வர நேரம் போகும். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

சிரித்தது முன்வரிசை ஆண்கள்தான். மாமா திரும்பக் கதிரையில் இருந்தார்.

தக்சாயினி தன் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். செவ்வாய்க்கிழமை கிடைத்த முதல் கடிதங்களை உடனே மின்னஞ்சலில் மேலிடத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். பதில் வந்திருந்தது. அதை அவர் சத்தமாக வாசித்தார், பிறகு எல்லாருக்கும் விளங்கச் சொன்னார்.

“வளவ ஒப்படைக்கிறது யாரோ, அவர்ர பேரிலதான் மாற்றுக் காணி குடுக்கலாம். ஆனா அவர் கேட்டிருக்கணும். கேக்காட்டி படிவத்தில இருக்கிற பேர்தான் போகும். கேட்டு எழுதினவங்க வந்து கையெழுத்து வைங்க.”

கேட்க வேண்டும். அவ்வளவுதான் இருந்தது. எதைக் கேட்கக்கூடாது என்றார்களோ அதை.

முதலில் உம்மா போனார். மைமூனா என்று எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். அவசரப்படுத்த ஒருவரும் துணியவில்லை. கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. தக்சாயினி யார் சாட்சி என்று கேட்டார். நான் பேனையை எடுத்தேன். பின்வரிசையில் இருந்து வாப்பா எழும்பி வந்தார். பேனையை என் கையிலிருந்து வாங்கி அந்தக் கோட்டில் தன் பெயரை எழுதினார். பிறகு முதல் படிவத்தைக் கேட்டு வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த ஜவுபரைத் தானே வெட்டினார். உம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். அது அவர்களுடையது.

அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. சாட்சிக் கோட்டுக்குப் புருசன்மாரும் மகன்மாரும் வந்தார்கள், சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சுந்தரம்மாவுக்கு மருமகன்தான் சாட்சி. ரேடியோ பாடுதா என்று மூன்று பேர் கேட்டார்கள். முப்பத்திரண்டு கையெழுத்து, மாமியோடு. தன் கடிதத்தை அவர் தானே எழுதி, நேரே தக்சாயினிக்கு அனுப்பியிருந்தார். மிச்ச ஐந்தில் மூன்று பேருக்கு உறுதி இல்லை, சுனாமி கொண்டுபோனது. இரண்டு பேர் கேட்கவில்லை. அந்த இரண்டு வீட்டைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்த மூன்று பேருக்கும் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்று தக்சாயினி ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

சாச்சிக்குக் கையெழுத்திட ஒன்றும் இருக்கவில்லை. ஒப்படைக்க அவரிடம் வளவு இல்லை. ஆனால் உம்மா, தன் காணியில் தங்கச்சிக்கு ஒரு அறையும் அதற்குத் தனிக் கதவும் என்று தக்சாயினியிடம் அங்கேயே வரைபடத்தில் கோடு போடச் சொன்னார். அந்தக் கதவை வாப்பா செய்வதாக ஏற்பாடு.

தக்சாயினி கோப்பைக் கட்டிக்கொண்டு போன பிறகு மாமா மேசைக்கு முன்னால் வந்தார். இது குடிகளின் விசயம் என்றார். மரைக்கார்மார் எல்லாரும் கூட வேண்டும், பள்ளிவாசலில் வைத்துப் பேச வேண்டும், பெண்கள் பேரில் காணி எழுத அனுமதிப்பதா இல்லையா என்று பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதற்கு எத்தனையாம் திகதி வசதி என்று கேட்டார். ஒருவர் வெள்ளிக்கிழமை என்றார். ஒருவர் பிறை பார்த்து என்றார். தலைமை யார் வகிப்பது என்று இன்னொருவர் தொடங்கினார். இரண்டு பக்கமாகப் பிரிந்து நல்ல சூடாகக் கதைத்தார்கள்.

நான் உம்மாவின் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். உள்ளே முத்திரை குத்திய புதுக் கடதாசி பழைய உறுதியோடு சேர்ந்து கிடந்தது.

“நஸ்லியா, இரி. முடிவெடுக்காம எங்க போறாய்?” என்று மாமா கூப்பிட்டார்.

“காணி பாக்க, மாமா.”

வாசலால் இறங்கி மேற்கே நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தங்கள் வந்தன. எத்தனை பேர் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.